ஏரியும் ஊரும் எழுத்தும்

வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவைகள் ஏன் வருகின்றன என்று கேட்டால் நீர், மரம், மீன் என்று எளிதாக விடை சொல்லிவிடலாம்; ஆனால் ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்பே உள்ள ஒரு பாசன ஏரியில், வயலும் வீடும் சாலையும் சூழ்ந்திருக்க, வறண்ட ஆண்டுகள் நீங்கலாக 200 ஆண்டுகளுக்கும் மேலாக அவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்துச் செல்வது எப்படி என்று கேட்டால், அதற்கான விடையை அவ்வூர் மக்களிடம்தான் தேட வேண்டியிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்றதும் அரசாணை, வனத்துறை, வேலி என்ற வரிசையில் நினைப்பது இன்று பழகிப்போய்விட்டது. வேடந்தாங்கலிலோ ஊர்க்காவல் முதலில் வந்தது, ஆணை அதன்பின் வந்தது, சட்டம் எல்லாவற்றுக்கும் பிறகே வந்து சேர்ந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இந்த ஏரிப் பறவைகளைச் சுட்டு வேட்டையாடியபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட, பறவைகளுக்கு ஊறு செய்யக்கூடாது என்ற அவர்களது உரிமையை ஏற்று 1798இல் அவர் ஆணை வழங்கினார். மதுராந்தகம் ஏரியின் கரை உடையாமல் காத்த ராமரைப் பற்றிய செவிவழிக் கதையில் வரும் வெள்ளைக்காரத் துரையும் இவரே. அந்தக் கதை அறிந்த பலர் இந்த ஆணையை அறிந்திருப்பதில்லை. அந்த உரிமையை மக்கள் 1858இல் மீண்டும் கேட்டுப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936இல் அரசின் முறையான ஏற்பு கிடைத்தது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அச்சட்டத்தின் கீழ் 1998இல் ஏரியும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2022இல் ராம்சர் பட்டியலிலும் இவ்வேரி இடம்பெற்றது. ராம்சர் பட்டியல் என்பது, ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, உலக முக்கியத்துவம் வாய்ந்தவை என்று ஏற்கப்பட்ட சதுப்பு நிலங்கள், ஏரிகள், உப்பங்கழிகள் போன்ற ஈரநிலங்களின் பட்டியலாகும். அதில் இந்திய மாநிலங்களிலேயே மிகுதியான இடங்களைக் கொண்டது தமிழ்நாடு.

ஊர்மக்கள் பறவைகளைக் காத்ததற்கு இரக்கம் மட்டுமே காரணம் என்று சொல்வது அவர்களுடைய அறிவைக் குறைத்து மதிப்பதாகும். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, வக்கா, கரண்டிவாயன் என்று ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் தங்கும்போது அவற்றின் எச்சம் நீரில் விழுந்து கரைகிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரசும், மதகு வழியாக ஆயக்கட்டு நிலங்களுக்கு, அதாவது அந்த ஏரியின் பாசனத்தை நம்பியிருக்கும் வயல்களுக்குப் போய்ச் சேர்கின்றன. எந்த ஏரி நீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பதை வயல் பார்த்தே அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேதியியல் தேவைப்படவில்லை. இதே வட்டாரத்தில்தான், உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைப் பற்றிப் பேசுகின்றன. ஏரியைப் பேணுவதற்கென்று ஊராரிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து, அவர்களுக்கான தகுதிகளையும் கல்லில் வெட்டி வைத்த மண்ணில், ஏரிப் பறவையும் ஊரின் பொறுப்புக்குள் வந்ததில் வியப்பில்லை.

ஆயினும் இந்தக் காவலுக்கு விலை உண்டு என்பதையும், அந்த விலையைச் செலுத்துவோர் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிவரும் நீர்ப்பறவைகள் கூடு கட்டத் தொடங்கும் காலமும் தீபாவளியும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், அன்று ஒரு வெடி வெடித்தாலும் பறவைகள் கூட்டமாக எழுந்து பறக்க, காவலற்றுக் கிடக்கும் முட்டைகளைக் காகம் கொத்தும்; சில பறவைகள் அந்த இடத்தையே கைவிட்டுப் போய்விடும். இந்தக் கட்டுப்பாட்டைப் பாராட்டி வனத்துறையினர் ஊராருக்கு இனிப்பு வழங்குவதும் செய்தித்தாள்கள் அதைப் படத்துடன் வெளியிடுவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. பாராட்டு தகும், ஆனால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்பும் சரவெடியுமாகக் கொண்டாடும் இரவில் தன் பிள்ளைக்கு மறுப்புச் சொல்லும் தாயின் கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டால், ஒரு பெட்டி இனிப்பு மிகச் சிறிய கைம்மாறுதான்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்தில் நிலைமை இன்னும் நெருக்கமானது. 1994இல் சரணாலயமான அந்தக் குளத்தின் பறவைகள், குளத்து மரங்களோடு நில்லாமல், தெருவோர வேம்பிலும் வீட்டுக் கொல்லையிலுள்ள மரங்களிலும் கூடு கட்டுகின்றன. மஞ்சள்மூக்கு நாரை வாசல் மரத்தில் குடியிருப்பது படத்தில் பார்க்க அழகாக இருக்கும். அங்கே குடியிருப்போருக்கோ எச்சமும், குஞ்சுக்குக் கொண்டுவரும்போது தவறி விழும் மீனும், அதன் வாடையும் அன்றாடச் சங்கதிகள். அவற்றைப் பொறுத்துக்கொள்ளும் மக்கள், எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக இட்டு அந்த உறவின் பலனையும் பெறுகிறார்கள். வெளியூரிலிருந்து பார்க்க வருவோர் உரக்கப் பேசாமல், கூட்டுக்கு அடியில் நின்று படம் எடுக்காமல், கொண்டுவந்த நெகிழிப் பையைத் திரும்ப எடுத்துச் சென்றாலே, இந்த ஊராரின் உழைப்புக்குச் சிறிதேனும் துணை நின்றவர்கள் ஆவார்கள்.

சரணாலயம் என்ற பெயர் வாய்க்காத ஏரிகளே மிகுதி. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரிகள் இருக்கின்றன. பறவைகள் ஓர் ஏரியில் கூடு கட்டினாலும் பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்கும் சென்றே இரை தேடுகின்றன. எனவே வேடந்தாங்கல் காக்கப்பட வேண்டுமானால் பெயர் தெரியாத பக்கத்து ஏரியும் காக்கப்பட வேண்டும். பறவைகளைக் காப்பது எங்கோ ஒரு சிற்றூர்க்காரரின் வேலை என்று வட்டாரத்தின் மற்ற மக்கள் ஒதுங்கிவிட முடியாது.

ஏரியைக் காப்பதில் ஆர்வமே போதும் என்று நினைப்பது பெரும் தவறு. குடிமராமத்து என்னும் பழைய ஏற்பாடு, அதாவது கரையையும் மதகையும் வரத்துக்காலையும் பயன்பெறும் குடிகளே சேர்ந்து செப்பனிடும் வழக்கம், 2017இல் அரசுத் திட்டமாக மீண்டும் உயிர்பெற்றது. தன்னார்வலர் குழுக்களும் பல ஊர்களில் தூர் வாரும் பணியில் இறங்கியிருக்கின்றன. ஆனால் மண்வாரும் இயந்திரத்தை இறக்கி, ஏரியைச் செங்குத்தான கரையுள்ள ஆழக் கிண்ணமாக ஆக்கிவிட்டால், நீர் கூடுதலாகத் தேங்கலாம். நாரையும் உள்ளானும் நின்று இரை தேட முழங்கால் அளவு நீருள்ள ஓரம் இல்லாமல் போய்விடும். உள்வாயின், அதாவது நீர் பரவும் உட்பகுதியின் சரிவை விட்டுவைப்பதும், கூடுள்ள நாட்டுக் கருவேல மரங்களைச் சீமைக்கருவேலத்தோடு சேர்த்து வேரோடு பிடுங்காமல் இருப்பதும், பணியைக் கூடு கட்டும் பருவத்துக்கு முன்பே முடிப்பதும் செலவு கேட்கும் காரியங்கள் அல்ல; திட்டம் போடும்போது ஊரில் ஒருவர் எழுந்து சொன்னால் போதும். நீர் வரும் வழி அடைபட்ட ஏரியில் தூர் வாருவதால் பயனில்லை என்பதால், வரத்துக்காலின் ஆக்கிரமிப்பையும் குப்பையையும் கவனிப்பதே பெரும்பாலான இடங்களில் முதல் வேலை. வண்டலைப் பொறுத்தவரை, வட்டாட்சியர் அனுமதி பெற்று விவசாயிகளும் மட்பாண்டத் தொழிலாளர்களும் அதைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு 2024இல் வழிசெய்திருக்கிறது.

மீன்பாசிக் குத்தகையும் அவ்வாறே கவனிக்கத்தக்கது. ஏரி மீனை ஏலம் எடுத்தவருக்குப் பறவை போட்டியாளர் என்பதால் வெடி போட்டு விரட்டுவது நடக்கிறது. சில இடங்களில் நாட்டு மீன்களை அழிக்கக்கூடிய, வளர்ப்பதற்குத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நீர்நிலைகளுக்குள் புகுந்துவிடுகிறது. ஏலம் விடும்போதே இவற்றைத் தடுக்கும் நிபந்தனைகளைச் சேர்க்குமாறு கேட்க ஊர்மக்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி எழுத்தின் இடம். 1798ஆம் ஆண்டின் ஆணை வேடந்தாங்கல் மக்களின் வழக்கத்தை எழுத்தாக்கியது. வழக்கம் நல்ல ஊரில் தானே நீடிக்கும், வெளியார் வந்து கேள்வி கேட்கும் நாளில் எழுத்தே சாட்சி நிற்கும். அத்தகைய எழுத்துக்கு இன்று சட்டமே வழி வைத்திருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அக்குழு, ஊரிலுள்ள மரம், மூலிகை, நெல் வகை, மீன், பறவை ஆகியவற்றையும் அவை பற்றி மக்கள் அறிந்தவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்னும் ஏட்டில் பதிய வேண்டும். பல ஊர்களில் இந்தப் பதிவேடு அவசர அவசரமாக நிரப்பப்பட்ட படிவமாக இருப்பது வருத்தத்திற்குரியது; ஆடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் நாட்டு வைத்தியரும் அறிந்தவை அதில் ஏறினால்தான் அது ஊரின் ஏடாகும்.

மதுரை மாவட்டம் மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டியில் இத்தகைய எழுத்தின் பயனைக் காணலாம். குன்றுகளும் சுனைகளும் ஏரிகளும் நிறைந்து, லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் வாழும் அப்பகுதியில் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில், அச்சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டுகள் கழிந்து, 2024 நவம்பரில், அத்தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிவானபோது, சுற்றுவட்டார ஊர்கள் கிராமசபைத் தீர்மானங்களோடு எதிர்ப்பைத் தொடங்கின. டிசம்பரில் சட்டப்பேரவையும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு மட்டும் ஏலத்தைத் தடுத்துவிடவில்லை என்பதையும், மக்கள் திரண்டபோது அந்த அறிவிப்பு அவர்கள் வாதத்துக்கு ஊன்றுகோலாயிற்று என்பதையும் ஒருசேர நினைவில் கொள்ள வேண்டும். 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் ஏறத்தாழ 5 ஹெக்டேரே உள்ள கோயில் காடு இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சிறியது என்பதால் எந்த ஊரும் தயங்க வேண்டியதில்லை.

நகரவாசிகளும் இந்தப் பதிவுப் பணியில் சேரலாம். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாள்களில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், வீட்டு மாடியிலிருந்தோ அருகிலுள்ள குளக்கரையிலிருந்தோ குறைந்தது 15 நிமிடம் பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு இணையத்தில் பதிவேற்ற எவராலும் முடியும். தனியொரு பட்டியல் பெரிதாக எதையும் சொல்லாது. ஒரே குளத்துக்குப் பத்து ஆண்டுப் பட்டியல்கள் இருந்தால், எந்தப் பறவை குறைந்தது, எப்போது குறைந்தது என்பதை மறுக்க இயலாதவாறு காட்டலாம்.

ஊரின் முடிவுகள் எழுத்தாகும் இடம் கிராமசபை. அது ஆண்டுக்கு ஆறு நாள்களில் கூட வேண்டும்: ஜனவரி 26, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1. ஏரியின் பெயர், நீர்வரத்தின் நிலை, குத்தகை நிபந்தனை, தூர் வாரும் காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அங்கே நிறைவேற்றப்படும் தீர்மானம் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது. பதிவு செய்துவிட்டார்களா என்று கேட்டுப் பார்ப்பதும், அதன் நகல் ஒன்றைப் பெற்று ஊரில் வைத்துக்கொள்வதும் தீர்மானம் கொண்டுவந்தவர்களின் வேலை.