பிளாஸ்டிக் எங்கே வேணும், எங்கே வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி எழுந்து கேட்டாள்: "அக்கா, பிளாஸ்டிக்கை ஒழிப்போம்னு உறுதிமொழி எடுக்கச் சொல்லுதிய. கரண்டுக்கு சோலார் போடுங்கன்னும் சொல்லுதிய. அந்த சோலார்ல பிளாஸ்டிக் இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பொறுப்பில் இருக்கிறவள் அப்படியே விட்டுவிட முடியுமா? காற்றாலையில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையனிடமும், சோலார் மாட்டுகிறவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

திருநெல்வேலி பஸ்ஸில் போகும்போது ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தலில் காற்றாடிகள் வரிசையாக நிற்கும். எல்லாம் சேர்ந்து சுமார் 1,500 மெகாவாட் திறன். அந்த இறக்கை இரும்பு இல்லை, கேட்டியளா. கண்ணாடி நார்த் துணியில் ரெசினை ஊற்றி இறுக வைத்தது. ரெசினும் ஒரு வகை பிளாஸ்டிக்தான். நம்ம இராஜாக்கமங்கலம் துறையில் நிற்கும் பைபர் வள்ளமும் இதே வகையில் செய்ததுதான். உப்புக் காற்றில் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. இப்போது வரும் இறக்கைகள் 50 மீட்டருக்கும் மேலே. ரெண்டு தென்னையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தின நீளம். அதை இரும்பில் செய்தால் சுற்றவே பாடாகிவிடும்.

சோலார் பலகையில் மேலே கண்ணாடி. அதற்குக் கீழே மின்சாரம் தரும் சில்லுகளை இரண்டு பக்கமும் இவிஏ என்ற பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். நாம் போடும் லேசான செருப்பு இருக்கிறதே, அதே இனம். முதுகுப் பக்கம் இன்னொரு பிளாஸ்டிக் தாள். ஈரமும் உப்பும் உள்ளே போகாமல் 25 வருஷம் காப்பது இவைதான். முதுகுத் தாள் கீறினால் பலகைக்கே கேடு. நம்மைப் போல கடற்கரையில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, தங்கச்சி கேட்டது சரி. இரண்டிலும் பிளாஸ்டிக் உண்டு. ஆனால் அது 20, 25 வருஷம் நின்று வேலை செய்யும் பிளாஸ்டிக். கடையிலிருந்து வீட்டுக்கு வரும்வரை, பத்து நிமிஷம் உழைக்கும் பை அப்படியா? அதனால்தான் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் அதற்குத் தடை.

அப்படியும் வீட்டுக்குள் பை வருகிறது. வந்து எங்கே போகிறது? நான் பல வருஷம் சிரட்டையும் கொதும்பும் அடுக்கி, தீப்பிடிக்க ஒரு பையைச் சுருட்டிப் போட்டவள்தான். ஒரு நாள் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டே, "ஆச்சி, இந்தப் பொகை நாறுது" என்றாள். அன்றோடு நிறுத்தினேன். அந்தப் புகை விஷம். அதை முதலில் மூச்சில் இழுப்பது அடுப்படியில் நிற்கும் நாமும் நம் பிள்ளைகளும்தான்.

"சிமெண்ட் ஆலையிலும் பிளாஸ்டிக்கை எரிக்கத்தானே செய்யுதாங்க?" என்று கேட்பீர்கள். அங்கே உலையின் சூடு 1,400 டிகிரிக்கும் மேலே. நம் அடுப்பு அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதையும் காற்று, வெயிலோடு சேர்த்துப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று சொல்லக்கூடாது. பிளாஸ்டிக் வந்தது பெட்ரோலியத்திலிருந்து, எரித்தால் தீர்ந்தது.

இன்னொரு கவலையும் உண்டு. பிளாஸ்டிக் குடத்தை உருக்கி வேறு சாமான் செய்யலாம். காற்றாடி இறக்கையை உருக்க முடியாது. வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகுமா? பழைய காற்றாடிகளை மாற்றிப் புதிது வைக்க 2024இல் நம் அரசு கொள்கை வெளியிட்டது. இறங்கும் இறக்கைகளை என்ன செய்வது? டென்மார்க்கில் சைக்கிள் நிறுத்தும் கூரையாக்கியிருக்கிறார்கள், அயர்லாந்தில் நடைபாலம் கட்டியிருக்கிறார்கள். உடைந்த பைபர் வள்ளம் கரையில் கிடப்பதைப் பார்த்த நமக்கு இந்தக் கேள்வி புதிதில்லை.

அதனால் மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, இன்று முதல் அடுப்பில் பை போடக்கூடாது. துடைத்துக் காயவைத்துத் தூய்மைக் காவலரிடம் தனியாகக் கொடுப்போம். இரண்டு, சோலார் வாங்கும்போது மானியத்தை மட்டும் கேட்காதீர்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் தருகிறது, நல்லதுதான். "எத்தனை வருஷ உத்தரவாதம், பழசானால் யார் திரும்ப எடுப்பா?" என்றும் கேளுங்கள். 2022ஆம் வருஷத்து மின்கழிவு விதிகளில் சோலார் பலகையும் சேர்ந்திருக்கிறது. கேட்க நமக்கு உரிமை உண்டு. மூன்று, இந்த இரண்டையும் ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடணும்.

கேள்வி கேட்ட தங்கச்சி அந்தா கடைசி வரிசையில் இருக்கிறாள். மக்களே, உனக்குப் பதில் சொல்ல ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்னும் கேளு.