படம் எடுக்கிறவரின் சம்பளம்



திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் நடந்தால் தமிழ் காதில் விழாமல் போகாது. நாகர்கோவில், மார்த்தாண்டம், செங்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் அங்குள்ள கல்லூரி ஆஸ்பத்திரிக்கும், ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கும், மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் காலங்காலமாக வருகிறார்கள். டாக்டரைப் பார்த்து வெளியே வந்ததும் அவர்கள் கேட்பது, "ஸ்கேனுக்கு எப்போ தேதி?"

அந்தத் தேதியைக் கொடுக்க மெஷின் இருந்தால் போதாது, இயக்க ஆள் வேண்டும். கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய எம்.ஆர்.ஐ., ராத்திரி டியூட்டிக்குப் படம் எடுக்கும் ரேடியோகிராபர் இல்லையென்றால் விடியும்வரை சும்மா கிடக்கும்.

இதற்கான பயிற்சிக்கு இந்த நகரத்தில் குறைவில்லை. மெடிக்கல் காலேஜில் அதற்கென்றே படிப்பு உண்டு. வருஷந்தோறும் புதிதாகப் படித்து வருகிறவர்கள் இருப்பதால், ஒருவர் போனால் இன்னொருவர் வருவார் என்று தனியார் ஸ்கேன் சென்டர்கள் சம்பளத்தைக் குறைத்தே வைக்கின்றன. எனக்கு இந்தக் கணக்கு மிகத் தவறாகப் படுகிறது. வலியில் நெளிகிற நோயாளியை அசையாமல் படுக்க வைத்து, முதல் தடவையிலேயே தெளிவான படம் எடுக்கும் கை பல வருஷம் பழகி வருவது. சி.டி.யில் படம் கலங்கினால் மறுபடி எடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் கதிர்வீச்சு நோயாளியின் உடம்புக்குள்தான் போகிறது.

அந்தக் கை பழகியதும் வெளிநாடு கூப்பிடுகிறது. பிரிட்டன் அரசு மருத்துவ சேவையில், இங்கிலாந்தில் 2025-26இல் புது ரேடியோகிராபரின் ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 31,049 பவுன். நம் பணத்தில் முப்பது லட்சத்துக்கு மேல். அங்கேயும் சம்பளம் போதவில்லை, ஆள் போதவில்லை என்று 2023 ஜூலையில் ரேடியோகிராபர்கள் 48 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். போகிற பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கேயும் சம்பளத்துக்காக 2017இல் கேரளத் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் போராடினார்கள். அதன் பலனாக 2018 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சச் சம்பள அறிவிப்பு மற்ற ஆஸ்பத்திரி ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டது. நர்சுகள் திரண்டால் ஆஸ்பத்திரியே நின்றுவிடும். எக்ஸ்ரே அறையில் இருப்பதோ ஐந்தாறு பேர். அவர்கள் குரல் தனியாக எடுபடாது. குறைந்தபட்சச் சம்பளம் புதியவரைக் கொண்டுவரும், பத்து வருஷ அனுபவக்காரரை நிறுத்தாது.

பவுனுக்கு ஈடாக இங்கே கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். வயதான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஊரிலேயே இருக்க விரும்புகிறவர்கள் நிறைய. காண்ட்ராக்டை விட்டு நிரந்தர வேலை, எம்.ஆர்.ஐ. கற்றால் சம்பள உயர்வு, ராத்திரி வேலைக்குத் தனிப்படி, இவை கிடைத்தால் அவர்கள் தங்குவார்கள்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் புது ஸ்கேன் மெஷின் திறப்பு விழா என்று கேள்விப்பட்டால், அதை இயக்க எத்தனை நிரந்தரப் பணியிடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.