கவிழ்த்து வைத்தாலும் காயாத பாத்திரம்



நம் வீடுகளில் சொம்பைத் தேய்த்துக் கழுவியதும் கவிழ்த்து வைப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் வடிய வேண்டும், உள்ளே காற்றுப் பட வேண்டும், அவ்வளவுதான். இன்று நான் பேசப்போவது, கவிழ்த்து வைத்தாலும் காயாத ஒரு பாத்திரத்தைப் பற்றி.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையில் விடிகாலையில் நின்று பாருங்கள். பௌர்ணமி என்றால் சாலை முழுக்க நடக்கிறவர்கள்தான், சைக்கிளுக்கு இடமிருக்காது. மற்ற நாட்களில், மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சைக்கிளில் சுற்றி வருகிறவர்களைப் பார்க்கலாம். சாத்தனூர் அணைக்கும் செஞ்சிக் கோட்டைக்கும் கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலர் முதுகில் ஒரு சின்னப் பை. அதிலிருந்து தோள்மேல் ஏறி நெஞ்சுக்கு இறங்கும் ஒரு மெல்லிய குழாய். வண்டியை நிறுத்தாமலே குழாயின் நுனியைக் கடித்து ஒரு மடக்கு உறிஞ்சிக்கொள்வார்கள். கடைகளில் இதை ஹைட்ரேஷன் பிளாடர் என்கிறார்கள். நாம் தண்ணீர்ப்பை என்றே சொல்லுவோம். இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் பிடிக்கும்.

இது பிறந்த கதை சுவையானது. 1980களின் கடைசி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆகஸ்ட் மாத வெயிலில், 100 மைல் சைக்கிள் பயணம். அதில் கலந்துகொண்ட மைக்கேல் எய்ட்சன் அவசர மருத்துவ உதவியாளர். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை நீளமான காலுறைக்குள் நுழைத்து, முதுகில் மாட்டிக்கொண்டார். குழாயைத் தோள்வழியாக வாய்க்குக் கொண்டுவந்தார். கேமல்பேக் என்ற நிறுவனம் அதிலிருந்துதான் வளர்ந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ட்ரிப்ஸ் பையை ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதன் பேரப்பிள்ளையான இந்தத் தண்ணீர்ப்பையையோ நாம் வருஷக்கணக்கில் வாய் வைத்துக் குடிக்கிறோம். சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் கதையையே சொல்லுகிறேன். ஒரு கத்திரி வெயில் காலத்தில், தெம்பாக இருக்கட்டுமே என்று பையில் நன்னாரி சர்பத் ஊற்றிக்கொண்டு போனேன். திரும்பி வந்ததும் ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசி, சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே பையில் தண்ணீர் நிரப்பி மலையைச் சுற்றக் கிளம்பினேன். பாதையோரத்து வருண லிங்கம் வந்தபோதுதான் முதல் மடக்கு குடித்தேன். புளித்த வாடை. தண்ணீருக்கு அதிபதியான தேவன் பெயரில் இருக்கிற லிங்கத்தின் எதிரிலேயே வாயிலிருந்த தண்ணீரைத் துப்ப வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உட்சுவரில் கடுகை இறைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். பைக்குள் விரலை விட்டால், மழைக்காலக் கிணற்றுப் படிபோல வழவழப்பு.

அந்த வழவழப்பு கிருமிகள் தங்களுக்குக் கட்டிக்கொள்ளும் வீடு. ஈரம், வெதுவெதுப்பு, கொஞ்சம் சர்க்கரை, மூன்றும் கிடைத்தால் போதும். நம் முதுகுச் சூட்டில் இருக்கும் பைக்கு முதல் இரண்டும் எப்போதும் உண்டு. மூன்றாவதை நாம்தான் ஊற்றுகிறோம். அதனால் முதல் விதி: பையில் வெறும் தண்ணீர் மட்டும். சர்பத், குளுக்கோஸ், இளநீர், மோர் எதுவானாலும் தனி பாட்டிலில் இருக்கட்டும்.

இனி கழுவும் முறை. பயணம் முடிந்த அன்றே செய்துவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு. கொதிநீர் வேண்டாம், பை நெகிழ்ந்து போகும், ஒட்டிய இடம் விட்டுவிடும். மூடிக் குலுக்கியபின், பையை ஆணியில் உயரமாக மாட்டுங்கள். குழாயின் நுனியிலிருக்கும் ரப்பர் வாயை விரலால் அழுத்துங்கள். சோப்புத் தண்ணீர் குழாய் வழியாகவே இறங்கி வெளியேறும். பிறகு அந்த ரப்பர் வாயைக் கழற்றித் தனியாகத் தேயுங்கள். நம் எச்சிலும் சாலைப் புழுதியும் சேரும் இடம் அதுதான். கடைசியில் நல்ல தண்ணீரில் நுரை போகும்வரை அலசுங்கள்.

குழாயின் உட்புறத்துக்கு நீளமான தூரிகை விற்கிறார்கள். இல்லையென்றாலும் கவலையில்லை. தூண்டில் நரம்பின் ஒரு முனையில் சின்ன மணி ஒன்றைக் கட்டிக் குழாய்க்குள் நழுவவிடுங்கள். மறுமுனையில் துணித்துண்டைக் கட்டி, பாவாடைக்கு நாடா கோர்ப்பதுபோல் இழுங்கள். நாலு தடவை இழுத்தால் துணியே சொல்லிவிடும், உள்ளே என்ன இருந்ததென்று.

வாடை போகவில்லையென்றால், ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு தேக்கரண்டி ஆப்பசோடா கலந்து, இரவு முழுதும் ஊறவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே வெள்ளை படிந்திருந்தால், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் அரைமணி நேரம் போதும். இரண்டையும் சேர்த்து ஊற்றி மூடிவிடாதீர்கள்; பொங்கிப் பை உப்பிக்கொள்ளும். முக்கியமான எச்சரிக்கை இன்னொன்று: பிளீச்சிங் திரவத்தோடு எலுமிச்சையோ வினிகரோ ஒருபோதும் சேரக் கூடாது. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நச்சு. கறுப்புப் புள்ளி தேய்த்தும் போகாத குழாயை மாற்றிவிடுவதே நல்லது. குழாய் மட்டும் தனியாகவே கிடைக்கிறது.

இதுவரை சொன்னது பாதி வேலை. மீதி, காயவைப்பது. இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். பையைக் கவிழ்த்தால் தண்ணீர் வடியும். ஆனால் இரண்டு பக்கமும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். காற்று உள்ளே போகாது. அந்த ஈரம் நாலு நாளானாலும் அப்படியே இருக்கும்.

எங்கள் வீட்டில் கண்டுபிடித்த வழி, மத்து. உலர்ந்த, சுத்தமான மத்தின் தலையைப் பைக்குள் விட்டால், அதன் பற்கள் இரண்டு சுவரையும் பிரித்து நிறுத்திக்கொள்கின்றன. மோர் கடையும் மத்து சைக்கிளுக்குப் பயன்படுகிறதே என்று என் மனைவி முதலில் முறைத்தாள். பிறகு பைக்கென்றே தனி மத்து ஒன்று வாங்கி வந்தாள். மத்து கொள்ளாத பையானால், சட்டை மாட்டும் கம்பியை வளைத்து உள்ளே விடலாம். குழாயைக் கழற்றி நேராகத் தொங்கவிடுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். திருவண்ணாமலை வெயில் சீக்கிரம் காயவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நேர்வெயில் பட்டால் பை நாளடைவில் மஞ்சளித்து வெடித்துப்போகும்.

வாரா வாரம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கழுவி, நன்றாக வடித்து, உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். குளிர் கிருமியைக் கொல்லாவிட்டாலும் பெருகவிடாது. எடுத்ததும் முறுக்காமல், குளிர் விட்டபின் பிரியுங்கள்.

ரமண மகரிஷியின் படங்களில் ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் கமண்டலமும் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் அடங்கும் கமண்டலம் அது. ஒரு முறை அலசி ஊற்றினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். நம் முதுகிலிருப்பது கொஞ்சம் நாகரிகமான கமண்டலம். உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமல் மறைத்துக்கொள்ளும். அதனால் பார்க்கிற வேலை நம்முடையதாகிறது.

உங்கள் பை இப்போது பரணில் சுருண்டு கிடக்கலாம். இந்த உரை முடிந்ததும் அதை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு தடவை மோந்து பாருங்கள். முகம் சுளிக்கவில்லையென்றால் நாளைக் காலை கிளம்பலாம். சுளித்தால், மத்தைத் தேடுங்கள்.