இடையில் வரும் ஓட்டு

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓட்டு. "பொதுத் தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்ளலாமே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்பது நம் காதில் விழுகிறது. ஐயா, அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம். பொதுத் தேர்தலுக்கும் பொதுத் தேர்தலுக்கும் நடுவில் வருகிற ஓட்டை நாம் ஓட்டாகவே மதிப்பதில்லை. அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்ப்போம். கணக்கு எழுதுவது நம் தொழில். அதை இன்று உங்களுக்காகச் செய்கிறோம்.

முதலில் கடல் கடந்த ஒரு நாட்டுக் கணக்கு. அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கு நடுவே, இரண்டாம் ஆண்டு முடிவில் இன்னொரு தேர்தல் வரும். அதை இடைக்காலத் தேர்தல் என்கிறார்கள். ஜனாதிபதி பெயர் அந்தச் சீட்டில் இராது. ஆனால் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட் சபையில் மூன்றில் ஒரு பங்குக்கும், 36 மாநிலங்களின் கவர்னர் பதவிக்கும் அன்றுதான் ஓட்டு. சட்டம் செய்கிற கைகள் எல்லாம் அன்று தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கையெழுத்துப் போடுகிற கை ஒன்றுதான் மிச்சம்.

அதற்கு எத்தனை பேர் போகிறார்கள்? 2020 ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போடத் தகுதியுள்ளவர்களில் நூற்றுக்கு 66 பேர் போட்டார்கள். 2014 இடைக்காலத் தேர்தலிலோ நூற்றுக்கு 37 பேர்கூட இல்லை. 1942-க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை. 1942-இல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, இளைஞர்கள் பட்டாளத்தில் இருந்தார்கள் என்ற சமாதானமாவது இருந்தது. 2014-இல் என்ன சமாதானம்? வேலை, மழை, அலுப்பு, "என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?" என்ற பேச்சு, இவைதாம். கேட்ட குரலாக இருக்கிறதல்லவா?

"அமெரிக்காக்காரன் ஓட்டுப் போட்டால் என்ன, தூங்கினால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். தொழிற்சங்கத்தில் இருக்கிறவனுக்கு அதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1946ஆம் ஆண்டைப் பார்ப்போம். போர் முடிந்த காலம். விலைவாசி ஏறிற்று, சம்பளம் ஏறவில்லை. எஃகு, மோட்டார், நிலக்கரி, ரயில்வே என்று எங்கும் வேலை நிறுத்தம். தொழிலாளர் சங்கங்களுக்கு அவ்வளவு பலம் அதற்கு முன் இருந்ததில்லை. அந்த ஆண்டு நவம்பரில் இடைக்காலத் தேர்தல் வந்தது. நூற்றுக்கு நாற்பது பேர்கூட ஓட்டுப் போடவில்லை. வேலை நிறுத்தத்துக்குத் திரண்ட கூட்டம் ஓட்டுச் சாவடிக்குத் திரளவில்லை. சங்கங்களைக் கட்டிப்போட வேண்டும் என்று நினைத்தவர்கள் இரு சபைகளையும் பிடித்தார்கள். மறு ஆண்டே, 1947-இல், டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் பிறந்தது. ஜனாதிபதி ட்ரூமன் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டுப் போட்டு, அவர் மறுப்பையும் மீறி அதைச் சட்டமாக்கிவிட்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு மாநிலங்கள் 'வேலை உரிமைச் சட்டம்' என்று ஒன்றை இயற்றலாம். பெயரைக் கேட்டால் வாயூறும். உள்ளே இருப்பது வேறு. சங்கம் பேசி வாங்கித் தரும் சம்பள உயர்வு எல்லாருக்கும் உண்டு, சந்தாவை மட்டும் விருப்பமுள்ளவன் கொடுத்தால் போதும் என்பதே அதன் சாரம். (சந்தா கட்டாமல் போனஸ் பணத்துக்கு முதல் வரிசையில் நிற்கும் அன்பர்கள் நம் லயத்திலும் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை, சிரிக்கிறவர்களுக்கே தெரியும்.) பிள்ளைச் சோற்றில் கை வைப்பது போல, சங்கத்தின் பணப்பெட்டியில் கை வைக்கும் சட்டம் அது. ஒரு தேர்தல் நாளில் வீட்டில் உட்கார்ந்திருந்ததற்குக் கிடைத்த கூலி. 1965-இல் அந்தப் பிரிவை நீக்க முயன்றார்கள். செனட் சபையில் பேசிப் பேசியே தடுத்துவிட்டார்கள். இன்றும் நீங்கவில்லை.

அதே நாட்டில் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1958 இடைக்காலத் தேர்தல் நாளில் ஆறு மாநிலங்களில் இந்த வேலை உரிமைச் சட்டத்தை நேரே ஜனங்களின் ஓட்டுக்கு விட்டார்கள். கலிபோர்னியாவில் செனட்டர் நோலண்ட் அதையே கொடியாகப் பிடித்துக்கொண்டு கவர்னர் பதவிக்கு நின்றார். இம்முறை சங்கங்கள் தூங்கவில்லை. உறுப்பினர்களைப் பட்டியலில் பதியவைத்து, வீடு வீடாகப் போய்ச் சொல்லி, ஓட்டு நாளில் அழைத்து வந்தார்கள். ஆறில் ஐந்து மாநிலங்களில் அந்தச் சட்டம் தோற்றது. கான்சாஸ் ஒன்றில்தான் ஜெயித்தது. நோலண்டும் தோற்றார்.

இன்னும் அண்மையில் வருவோம். மோட்டார் தொழிலாளர்களின் தாய்வீடு என்று சொல்லத்தக்க மிச்சிகன் மாநிலத்திலேயே 2012-இல் இந்தச் சட்டம் நுழைந்துவிட்டது. பத்து ஆண்டு போயிற்று. 2022 இடைக்காலத் தேர்தலில் அந்த மாநிலத்தில், இடைக்காலத் தேர்தல்களில் அதுவரை காணாத அளவுக்கு ஓட்டு விழுந்தது. மாநிலச் சட்டசபையின் இரு அவைகளும் கை மாறின. 2023 மார்ச்சில் சட்டத்தை ரத்து செய்தார்கள். இந்தியானா 1965-இல் செய்ததற்குப் பிறகு வேறெந்த மாநிலமும் செய்யாத காரியம். ஜனாதிபதி பெயர் இல்லாத ஓட்டுச் சீட்டுத்தான் அதைச் செய்தது.

ஓட்டு அதிகம் விழுந்தாலே தொழிலாளிக்கு நன்மை என்று சொல்ல நாம் வரவில்லை. 2018-இல் நூற்றுக்கு ஐம்பது பேர் போட்டார்கள். 1914-க்குப் பிறகு இடைக்காலத் தேர்தலில் அவ்வளவு கூட்டம் இல்லை. அந்தக் கூட்டத்தில் இரு தரப்பாரும் இருந்தார்கள். 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 2014-இல் நூற்றுக்கு 20 பேர் போட்டிருந்தார்கள். 2018-இல் அது 36 ஆயிற்று. ஆட்சியில் இருக்கும் ஜனாதிபதியின் கட்சி இடைக்காலத் தேர்தலில் இடம் இழப்பது அங்கே வாடிக்கை. 1934, 1998, 2002 ஆகிய ஆண்டுகளைப் போல விலக்கு அபூர்வம். காரணம் பெரிய தத்துவமில்லை. ஜெயித்தவன் திருப்தியாகப் படுத்திருக்கிறான். கோபமுள்ளவன் எழுந்து நடக்கிறான். இன்னொன்றும் உண்டு: சொந்த வீட்டுக்காரன் போகிற அளவுக்கு வாடகை வீட்டுக்காரன் ஓட்டுப் போடப் போவதில்லை. வீடு நமதில்லை, ஊரும் நமதில்லை என்ற நினைப்பு வந்துவிட்டால் கால் எழும்பாது. லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக் கணக்கு. 2018 பொதுத் தேர்தலில் பதிவு பெற்றவர்களில் நூற்றுக்கு 82 பேர் ஓட்டுப் போட்டார்கள். அது புதன்கிழமை. அப்படியும் போட்டார்கள். 2022 நவம்பரில் நூற்றுக்கு 74 அளவு. இடையில் வந்தவற்றைப் பாருங்கள். 2021 நவம்பரில் மலாக்கா மாநிலத் தேர்தல்: 66. 2022 மார்ச் 12-இல் நம் ஜொகூர் மாநிலத் தேர்தல்: 55. 2023 செப்டம்பரில் பூலாய் நாடாளுமன்ற இடைத்தேர்தல்: நூற்றுக்கு ஐம்பது கூட இல்லை.

ஜொகூருக்குக் காரணங்கள் இருந்தன. கொள்ளைநோய்ப் பயம் நீங்கவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு எல்லை தாண்டுவது கஷ்டமாக இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இந்த மேடையில் நிற்க நமக்கு யோக்கியதை இல்லை.

அன்று சனிக்கிழமை. முந்திய வாரம் மழையால் வெட்டு கெட்டிருந்தது. அன்று வெட்டுக்கு வருகிறவர்களுக்கு மேற்படியாக ஒரு தொகை என்று விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் சொல்லப்பட்டது. ஓட்டுப் போடப் போகாதே என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மழையில் பேர் விழாத வாரத்தில் அந்தத் தொகை என்ன பேசும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஓட்டுச் சாவடி எட்டு மைலுக்கு அப்பால். பால் நிறுத்து முடிய மத்தியானம். அதற்கு மேல் குளித்து, சோறு தின்று, வண்டி பிடித்து யார் போவது? நம் லயத்து ஓட்டாளர்களில் பாதிப் பேர் போகவில்லை.

செக்ரோலில் பேர் எழுதிய கை நம்முடையது. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆம் பிரிவு நமக்குத் தெரியும். ஓட்டு நாளன்று ஓட்டுரிமையுள்ள தொழிலாளிக்கு ஓட்டுப் போட நியாயமான அவகாசம் முதலாளி கொடுத்தாக வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தண்டனை விதிக்கவும் கூடாது. சங்க வகுப்பில் படித்திருந்தோம். அன்று களத்தில் எழுந்து அதைச் சொல்ல நாலு வார்த்தை போதும். சொல்லவில்லை. துரை முன்னால் நின்றார், மண்டோர் நின்றார், நம் பேனா ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாம் மட்டும் மோட்டார் சைக்கிளில் போய் ஓட்டுப் போட்டு, விரலில் மையோடு திரும்பினோம். பால் கொட்டகை ஓரம் ஓர் அம்மா அந்த மையைப் பார்த்து, "கிராணிக்கு நேரம் கிடைச்சுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த மாநிலத் தேர்தலில் நாம் விட்டது என்ன? நாடாளுமன்றம் பெரிது, மாநிலச் சட்டமன்றம் சிறிது என்று நினைக்கிறோம். நாட்டின் அரசியல் சட்டப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். கோயில் நிற்கும் நிலம், தமிழ்ப் பள்ளிக்கு வேண்டிய நிலம், ஓய்வு பெற்றவனுக்கு வீடு கட்ட நிலம், சுடுகாட்டு நிலம், எல்லாம் அங்கேதான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பது பற்றி 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அனுமதி கேட்டுப் போக வேண்டிய தோட்ட நில வாரியமும் மாநிலத்தில்தான் இருக்கிறது. நம் மக்களைத் தோட்டத்திலிருந்து கிளப்பிய காகிதங்களில் மாநில முத்திரை பட்டவை எத்தனை என்று மூத்தவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். நகரசபைத் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டு, பிறகு ஒழிந்தே போயிற்று. ஆகவே நடுவில் நம் கைக்கு வருவது மாநிலத் தேர்தலும், எப்போதாவது ஓர் இடைத்தேர்தலும்தான். முன்பெல்லாம் தீபகற்பத்தில் மாநிலத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் வரும். ஒரே நடையில் இரண்டும் முடியும். மலாக்கா, ஜொகூர், பிறகு 2023 ஆகஸ்டில் ஆறு மாநிலங்கள் என்று அவை பிரிந்துவிட்டன. இரண்டு நடை நடக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இடைத்தேர்தலுக்குப் பலன் இல்லை என்பாருக்கு ஒன்று சொல்வோம். சிலாங்கூரில் புக்கிட் தாகார் வட்டாரத்து ஐந்து தோட்டத்து மக்கள் வீடு கேட்டு இருபது ஆண்டுக்கு மேல் நடந்தார்கள். 2024 மே மாதம் கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தது. அந்த நாட்களில்தான் அவர்கள் வீட்டுப் பேச்சு நாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. கட்டித் தரும் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது. இத்தனை ஆண்டு கேட்காத காது அந்த வாரத்தில் எப்படிக் கேட்டது? நாம் எந்த அபேட்சகருக்கும் இங்கே ஓட்டுக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். யாருக்குப் போடுவது என்பது உங்கள் மனசு.

1955-இல் மலாயாவில் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர் பட்டியலில் நம்மவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. குடியுரிமைக்காக அலைந்த தாத்தாமார் பலருக்கு ஓட்டு வரவேயில்லை. 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதானவர் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. பெயர் ஏறிய பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா? பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் ஓட்டு இல்லை. அவர்கள் படுக்கும் கட்டிலும் குடிக்கும் தண்ணீரும்கூட நாம் தேர்ந்தெடுக்கிறவர்கள் கையில் இருக்கிறது.

செயலவை செய்திருக்கும் ஏற்பாடு இது. பெயர் எந்தச் சாவடியில் இருக்கிறது என்று பார்க்கத் தெரியாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாள அட்டையோடு கிளை அறைக்கு வந்தால் பார்த்துச் சொல்லப்படும். பட்டணத்துக்குக் குடிபோய்விட்ட பிள்ளைகளின் விலாசம் மாற்றும் வேலையும் அங்கேயே. நாலு பேர் சேர்ந்து சொந்தச் செலவில் வண்டி பேசிக்கொள்வது உங்கள் பொறுப்பு. அடுத்த ஓட்டு எப்போது வந்தாலும், 25ஆம் பிரிவைக் காட்டி, அன்று இத்தனை மணிக்கு வெட்டை நிறுத்தி ஆட்களை விட வேண்டும் என்று துரைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். கடிதம் மேசைமேல் இருக்கிறது. தேநீருக்கு முன் ஒவ்வொருவரும் வந்து கையெழுத்திடலாம், கைநாட்டும் போடலாம். கிராணி கையெழுத்துப் போட்டால் ஆபீசில் என்ன நடக்கும் என்று சிலர் கவலைப்பட்டுக் கேட்டார்கள். முதல் வரியில் இருக்கும் பெயரைப் படித்துப் பாருங்கள்.