படமாகாத கதை எங்கே போகும்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"காமிக்ஸைப் பத்தியா பேசப்போறே? சின்னப் பசங்க சமாச்சாரமாச்சே!" என்றார் நண்பர் ஒருவர். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தவர்கள் இந்த அரங்கிலேயே உண்டு. கை தூக்கச் சொல்ல மாட்டேன்!

1987-இல் 'ரோபோகாப்' என்ற ஹாலிவுட் படம் வந்தது. கொல்லப்பட்ட ஒரு போலீஸ்காரரைப் பாதி இயந்திரமாக்கி, தன் சொத்து என்று ஒரு கம்பெனி உரிமை கொண்டாடும் கதை. இரண்டாம் பாகத்தை எழுத, காமிக்ஸ் உலகில் பேர் பெற்ற பிராங்க் மில்லரை அழைத்தார்கள். அவர் எழுதியது பலமுறை மாற்றப்பட்டு, 1990-இல் வேறு உருவில் படமானது. மூலப்பிரதி கிடப்பில் போனது. 2003-இல் அவதார் பிரஸ் அதை 9 இதழ்க் காமிக்ஸாக வெளியிடத் தொடங்கியது. ஸ்டீவன் கிராண்ட் காமிக்ஸுக்கேற்ப அமைக்க, ஹுவான் ஹோசே ரிப் வரைந்தார்.

சினிமாவில் ஒரு கட்டடம் இடிந்தால் தயாரிப்பாளருக்குச் செலவு. காகிதத்தில் இடிந்தால் மை மட்டும்தான் செலவு! படமாகாத கதைக்குக் காமிக்ஸ் நல்ல புகலிடம். ஆனால் கத்தரிக்க ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே புத்தகம் காட்டுகிறது. பக்கத்துக்குப் பக்கம் குண்டும் ரத்தமும். கொஞ்ச நேரத்தில் கண் சலித்துப்போகுது.

வன்முறையே கூடாதென்று நான் சொல்லவில்லை. நம்ம மேல்மலையனூர் மயானக் கொள்ளையில் ஆவேசம் இல்லையா? தேசிங்கு ராஜன் கதையில் ரத்தம் இல்லையா? 1714-இல் களத்தில் விழுந்த அந்த இளைஞனுக்காகக் கதை கேட்கிற ஜனங்க கண் கலங்குறாங்க. அங்கே வெட்டுக்குப் பின்னால் ஓர் இழப்பு இருக்கு. அது இல்லாத ரத்தம் வெறும் சிவப்பு மைதான். நிராகரிக்கப்பட்டதாலேயே ஒரு கதை மட்டமாகிவிடாது, உசத்தியாகியும் விடாது.

இன்னொரு விஷயம். 1967-இல் சத்யஜித் ரே 'தி ஏலியன்' என்ற திரைக்கதையை எழுதி ஹாலிவுட் வரை போனார். அதன் பிரதியில் 'காப்புரிமை' என்று தன் பெயரோடு, இடையில் நின்ற மைக் வில்சன் பெயரும் அச்சாகியிருந்ததைக் கண்டு அவர் திடுக்கிட்டார். படம் கடைசிவரை எடுக்கப்படவே இல்லை. அந்தக் கதை பின்னர் புத்தகமாக வாசகர் கைக்கு வந்தது. ரே 1992-இல் மறைந்தார்.

ஆகவே தம்பி, தங்கைகளே! எழுதியதைத் தூக்கி எறியாதீங்க. பெயரும் தேதியும் போட்டு ஒரு பிரதியைப் பத்திரமா வையுங்க. கையெழுத்துப் போடும்முன் ஒப்பந்தத்தை முழுசாப் படியுங்க. கதையை நாலு பேரிடம் காட்டி, குறைக்கச் சொன்ன இடத்தில் குறையுங்க. குறும்படம் எடுக்கப் பணம் இல்லையென்றால், வரையத் தெரிந்த வகுப்புத் தோழனைத் தேடுங்க.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மலரில் விளம்பரப் பக்கங்களில் நான்கைக் குறைத்து, ஒரு மாணவரின் சித்திரக் கதைக்குக் கொடுங்கள். அச்சுச் செலவில் என் பங்கை நான் தருகிறேன். பெட்டியில் தூங்கும் கதை ஒன்றாவது நம் ஊரிலிருந்து வெளியே வரட்டும்.