ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?



"என் பிரிவில் சண்டையே கிடையாது" என்று பெருமைப்படும் தலைவர்கள் உண்டு. சண்டையோடு பேச்சும் நின்று போயிருந்தால், அங்கே நீறுபூத்த நெருப்பு இருக்கிறது என்றே பொருள். கருத்து வேறுபாடு இல்லாத பணியிடம் கிடையாது. அதை எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான் தலைமைத்துவம் வெளிப்படுகிறது.

மேரி பார்க்கர் ஃபாலெட் (1868-1933) என்ற அமெரிக்கப் பெண்மணி, 1925ஆம் ஆண்டு உரையொன்றில் தம் அனுபவத்தைச் சொன்னார். ஹார்வர்டு நூலகத்தின் ஒரு சிறிய அறை. ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றார் ஒருவர். மூட வேண்டும் என்றார் ஃபாலெட். முடிவில், ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது. வாடைக்காற்று ஃபாலெட் மீது நேராக வீசவில்லை. வாய் கேட்டது ஒன்று. மனத்துக்குத் தேவைப்பட்டது இன்னொன்று.

பிணக்கைத் தீர்க்க மூன்று வழிகள் என்றார் அவர். முதலாவது, அடக்குதல். ஒருவர் வெல்வார், மற்றவர் மனத்தில் வைத்துக்கொள்வார். இரண்டாவது, சமரசம். இருவருக்கும் குறை. மூன்றாவது, இருவர் தேவையையும் நிறைவேற்றும் புது வழி காணுதல். அதை ஒருங்கிணைப்பு என்றார்.

நம் தொழிற்சாலைகளில் நடப்பதைப் பார்ப்போம். தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஷிப்டில் இருவரில் ஒருவர் இருந்தாக வேண்டும். இருவருமே விடுப்புக் கேட்கிறார்கள். 'ஆளுக்குப் பாதி நேரம்' என்றால் இருவருக்கும் பயனில்லை. "எதற்காக விடுப்பு?" என்று அன்போடு கேளுங்கள். ஒருவர் சுங்கைப்பட்டாணிக்குப் பேருந்து ஏற வேண்டும். மற்றவருக்குத் துணிமணியும் பலகாரச் சாமானும் வாங்க வேண்டும். அதற்கு முந்திய நாளே போதும். சிக்கல் அவிழ்ந்துவிட்டது.

எல்லாப் பிணக்கும் இப்படித் தீருமா? தீராது. ஒரே பெண்ணை இரண்டு ஆண்கள் மணக்க விரும்பினால் ஒருங்கிணைப்புக்கு வழியில்லை என்று ஃபாலெட்டே சொல்லியிருக்கிறார். அத்தகைய நேரத்தில், முன்கூட்டியே அறிவித்த நியாயமான விதிமுறைதான் கைகொடுக்கும். சென்ற ஆண்டு விட்டுக்கொடுத்தவருக்கு இவ்வாண்டு முதலிடம் என்பது போல.

கேட்காமல் விட்டால் என்னவாகும்? சிறு மனத்தாங்கல் முறைத்துப் பேசுவதில் தொடங்கி, வேலை நீக்கம்வரை போகிறது. மலேசியாவில் 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி 60 நாள்களுக்குள் புகார் செய்யலாம். அங்கே முதலில் நடப்பதும் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் இணக்கப் பேச்சுதான். வேலையும் உறவும் போன பிறகு இலாகாவில் பேசும் பேச்சை, தேநீர் இடைவேளையில் பேசியிருக்கலாமே!

தலைவர்களே, தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?" பதிலை முழுமையாகக் கேளுங்கள். தம்மைக் கேட்டறிந்த தலைவரைத் தொழிலாளர்கள் மறப்பதில்லை.