மனநல மருத்துவமனையை மதிப்பிடுவது எவ்வாறு?

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மருத்துவமனையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வியக்கக்கூடும். கல்வி பெறுவது எப்படி என்று இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் இங்கே பேசி வந்துள்ளோம். பெற்ற கல்வியை நம் தெருவில் எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை இன்று கூற விரும்புகின்றோம். குடிநோயோ மனநோயோ ஒரு வீட்டில் புகுந்துவிட்டால், அவ்வீட்டுப் பிள்ளையின் படிப்பே முதலில் நின்று போகின்றது. வகுப்பறையில் ஓர் இடம் பல நாள் காலியாகக் கிடந்தால், காரணத்தைத் தேடிச் செல்லும் ஆசிரியர் பெரும்பாலும் தந்தையின் குடியிலோ தாயின் சொல்லப்படாத மனத்துயரிலோ போய் நிற்கின்றார். இது பள்ளியில் பணிபுரியும் நாம் கண்ணாரக் கண்ட உண்மை.

நோய் பெருகியிருக்கின்றது, சிகிச்சை அரிதாக இருக்கின்றது. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நாட்டில் மதுவுக்கு அடிமையானோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றார் என்றும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவரே என்றும் தெரிவிக்கின்றது. 2024 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. மாண்டவர்களுள் மிகப் பலர் நம்மைப் போன்ற கூலிக் குடும்பத்தினர்.

சிகிச்சை அரிதாகும்போது, அகப்பட்ட கதவைத் தட்டுவது மனித இயல்பு. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய், கணவரின் குடியைத் தாங்க மாட்டாமல், கம்மலை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் பணம் திரட்டி ஒரு விடுதிக்குச் செலுத்தினார். இரவில் வேனில் வந்த நால்வர் கணவரைக் கட்டித் தூக்கிச் சென்றனர். மூன்று மாதம் முகத்தைக் கூடப் பார்க்க விடவில்லை. மணிக்கட்டில் தழும்போடு திரும்பிய அவர், பத்து நாளில் மீண்டும் குடித்தார். கடனை அடைக்க மகன் செங்கல் சூளைக்குப் போனான். அந்தத் தாய் கைநாட்டு வைத்த தாளில், என்ன நேர்ந்தாலும் புகார் செய்ய மாட்டேன் என்று எழுதியிருந்தது. அதை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. அதே தெருவில் பட்டம் பெற்ற இளைஞர் இருவர் இருந்தனர்.

இன்று நாம் பேச வந்ததன் மையம் இதுவே. மருத்துவமனையின் கதவருகே, தாளில் கைநாட்டு விழுவதற்கு முன், படித்த ஒருவர் நிற்க வேண்டும். அவர் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை இனி வரிசையாகக் கூறுவோம்.

கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் விடியற்காலையில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2017 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. அது 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கேடுகளையும் அச்சட்டம் மனநோய் என்றே வரையறுக்கின்றது. ஆகையால், போதை மீட்பு இல்லம் என்று பலகை மாட்டியவர், இச்சட்டம் தமக்குப் பொருந்தாது என்று தட்டிக்கழிக்க இயலாது.

முதலாவதாகப் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். நோயாளிகளைத் தங்க வைத்துச் சிகிச்சை அளிக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். 'உள்ளே பெட்டியில் இருக்கின்றது' என்பது விடையாகாது.

இரண்டாவது, சிகிச்சை அளிப்பவர் யார் என்பது. பல ஆண்டு குடித்துப் பழகிய உடல் திடீரென்று மதுவை இழந்தால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் கடும் நடுக்கமும், இல்லாத உருவங்கள் தோன்றும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அறையில் பூட்டி வைத்தால் குடி தெளிந்துவிடும் என்ற எண்ணம் எத்துணைக் கொடியது என்பது இதிலிருந்து விளங்கும். மருத்துவர் தக்க மாத்திரைகளைத் தந்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பார். தயமின் என்னும் வைட்டமினை ஊசி வழியே செலுத்துவார். குளுக்கோஸ் ஏற்றுவதாயின் அதனை முன்னரோ உடனோ தருவார். அவ்வைட்டமின் குறைந்தால் மூளை பழுதுற்று நினைவாற்றல் நிலையாகக் கெடலாம். ஆகவே, 'மனநல மருத்துவர் எந்த எந்த நாளில் வருகின்றார்? இரவில் செவிலியர் இருக்கின்றாரா? வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நல்ல மருத்துவமனை இவற்றிற்குத் தயங்காமல் விடை கூறும்.

மூன்றாவது, நோயாளியை முழுமையாக ஆராய்கின்றார்களா என்பது. குடிக்கு அடியில் மனச்சோர்வோ, அச்சநோயோ, மனச்சிதைவோ மறைந்திருக்கலாம். ஒன்றை விட்டு மற்றொன்றைத் தீர்க்க முயன்றால் இரண்டும் தீரா. கல்லீரல், சர்க்கரை, காசநோய் ஆகியவற்றிற்கான சோதனையும் வேண்டும். பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் 'மூன்று மாதம் தங்க வேண்டும்' என்று தொகையைக் கூறும் இடத்தில், நோயைப் பற்றிய எண்ணம் இல்லை என்று அறிக.

நான்காவது, சேர்க்கும் முறை. தம் விருப்பத்தோடு சேர்ந்தவர் வெளியேற விரும்பினால், மருத்துவர் நிலைமையை ஆராய்வதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்தலாமேயன்றி, அடைத்து வைக்க இயலாது. தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் கடும் நிலையில், நோயாளியின் சார்பாளர் விண்ணப்பித்து, இருவர் தனித்தனியே சோதித்துச் சான்றளித்த பின்னரே விருப்பமின்றிச் சேர்க்கலாம். அவ்விருவருள் ஒருவர் மனநல மருத்துவராக இருத்தல் வேண்டும். அதுவும் முதலில் 30 நாளுக்கு மேற்படாது. வேனில் வந்து கட்டித் தூக்கிச் செல்லும் முறைக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஐந்தாவது, உள்ளே மனிதனாக நடத்துகின்றார்களா என்பது. சங்கிலியிடுதல் அறவே தடை செய்யப்பட்டுள்ளது. கட்டாயமாக மொட்டையடித்தல் கூடாது. தம் உடையை உடுத்தவும், உறவினரைக் காணவும், தொலைபேசியில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. மின்னதிர்வுச் சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் தந்த பின்னரே அளிக்க வேண்டும்.

இதனோடு சேர்த்து நாம் தனியே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. துடைப்பம் யார் கையில் இருக்கின்றது என்று பாருங்கள். உழைப்பே மருந்து என்று சொல்லி, நோயாளிகளைக் கழிப்பறை கழுவ வைக்கும் இடங்கள் இருக்கின்றன. அந்த வேலை யார் தலையில் முதலில் விழும் என்பதை இந்த அவையில் விளக்கத் தேவையில்லை. நோயாளியை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, விரும்பிச் செய்தால் தக்க ஊதியம் தர வேண்டும் என்பது சட்டம். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் கேட்டவுடன் குரல் மாறும் இடத்தில் நம் உறவினரை விட்டு வராதீர்கள்.

ஆறாவது, வீட்டுக்கு அனுப்பிய பின் என்ன செய்கின்றார்கள் என்பது. மருத்துவமனையின் தரத்தை அளக்க இதனினும் நல்ல அளவுகோலை நாம் அறியோம். குடிநோய் சர்க்கரை நோயைப் போல நெடுநாள் நோய். ஒருவர் மீண்டும் குடித்துவிட்டால், சிகிச்சையை மாற்றி அமைக்க வேண்டிய காலம் வந்தது என்றே கொள்ள வேண்டும்; அவரை இகழ்ந்து விரட்டுதல் மருத்துவம் ஆகாது. 'நூற்றுக்கு நூறு குணம், உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்பவரை நம்பாதீர்கள். மாதந்தோறும் வரச் சொல்கின்றார்களா, மனைவியையும் மக்களையும் அமர்த்திப் பேசுகின்றார்களா, வராத நோயாளியை அழைத்துக் கேட்கின்றார்களா என்று பாருங்கள். சென்னையில் 1980 இல் திருமதி சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடியை நோயாகக் கருதிக் குடும்பத்தினரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் வழியைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியது.

ஏழாவது, மருந்தைப் பற்றிய நேர்மை. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கும் மருந்து என்று சிலர் விற்கின்றனர். டைசல்பிராம் என்னும் மாத்திரையை உண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியும் மூச்சுத்திணறலும் உண்டாகி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிர் போகவும் கூடும். நோயாளி அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவரின் கண்காணிப்பில் உண்ண வேண்டிய மருந்து அது. கணவன் மீதுள்ள அன்பினால் கலக்கும் மனைவியே அவன் சாவுக்குக் காரணமாகிவிடும் கொடுமையை எண்ணிப் பாருங்கள்.

இனி, எங்கே செல்வது என்ற கேள்வி எழும். கடன் வாங்குவதற்கு முன் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்பதே நம் விடை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, சிகிச்சை இலவசம். சென்னைக் கீழ்ப்பாக்கத்தின் பெயரைக் கேலிச் சொல்லாக்கி நம் திரைப்படங்கள் சிரிக்க வைத்தன. அந்த நிறுவனமோ 1794 இல் தோன்றி, 1871 முதல் இன்றைய இடத்தில் ஏழைகளுக்குக் கதவு திறந்து வைத்திருப்பது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதற்குத் தலைமை தாங்கினார். அந்தக் கேலிக்கு அஞ்சியே பலர் நோய் முற்றும் வரை வீட்டில் மறைத்து வைக்கின்றனர். அரசு மருத்துவமனை என்பதால் குறையே இராது என்று நாம் கூறவில்லை. கூட்டம் மிகுதி, மருத்துவர் பேசும் நேரம் குறைவு. மேலே கூறிய அளவுகோல்களால் அதனையும் அளந்து, குறையிருப்பின் எழுதிக் கொடுங்கள். நேரில் செல்லும் முன் ஆலோசனை வேண்டுவோர் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கான எண் 14446. உரிமை மறுக்கப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

இளைஞர்களே! சங்கத்தின் சார்பில் ஒரு சிறு வேலையை உங்களிடம் ஒப்படைக்க விரும்புகின்றோம். தெருவுக்கு இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், முன்வாருங்கள். நம் மாவட்டத்தில் பதிவு பெற்ற மனநல மருத்துவமனைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, சங்க அலுவலகத்தில் மாட்டி வையுங்கள். ஒரு குடும்பம் நோயாளியை அழைத்துச் செல்லும் நாளில் உடன் செல்லுங்கள். ஏழு கேள்விகளையும் பணிவோடு கேளுங்கள். தாளை முழுதும் படித்து, தாய்க்கு விளங்கும் சொற்களில் சொல்லுங்கள். புகார் செய்ய மாட்டேன் என்ற வரி இருந்தால் கையொப்பம் வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள். கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள், ரசீதை வாங்குங்கள். அந்த வீட்டில் கேட்டதையும் கண்டதையும் வெளியில் பேசாதிருங்கள்.

நம் முன்னோர் படிக்கத் தெரியாமல் பத்திரங்களில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தனர். நாம் படித்துவிட்டோம். நம் தெருவில் இனி ஒரு தாய், படித்துக் காட்டப்படாத தாளில் கைநாட்டு வைத்து மனிதரை இழக்க நேரலாகாது. இதனை இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம்.